‘2 சதவீதம், சாதாரணம்’ என்று எழுதப்பட்ட கை

சேலம் மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வட்ட மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் தீக்காயத்தை முதலில் பார்க்கும் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் முப்பது வருடத்துக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் தீக்காய வார்டில் போனது. இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரியும். இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வண்டி விளக்கு இறங்கி வருவதைப் பார்த்தால், அது 108 ஆக இருக்குமோ, உள்ளே யார் படுத்திருக்கிறார்களோ என்று மனசு இன்றைக்கும் போகிறது. வெந்து வந்தவர்களில் யாரை அந்த வண்டியில் ஏற்றித் தீக்காய வார்டுக்கு அனுப்ப வேண்டும், யாரை அனுப்ப வேண்டாம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். மலைமேல் காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் அம்மா. பிள்ளைக்கு இரண்டரை வயது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த குழம்புச் சட்டிக்குள் வலது கையை ஊன்றிவிட்டது. அன்று மாலையே ஒரு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘தீக்காயம், 2 சதவீதம், சாதாரணம்’. டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு, வெள்ளைக் களிம்பு தடவி, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவும் ஒரு நாள் தவறாமல் போயிருக்கிறாள். 26ஆம் நாள் எங்கள் வார்டுக்கு வந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் மடிந்து, இடையில் தோல் வளர்ந்து பிடித்திருந்தது. “ஆறிடுச்சுங்க சிஸ்டர், விரல் மட்டும் விரிய மாட்டேங்குது” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நல்ல சேதியோடு வந்த ஒரு சின்னச் சந்தேகம். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சீட்டை எழுதியவர் அளவைத் தப்பாகப் போடவில்லை. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அந்தப் பிள்ளைக்கு உள்ளங்கையும் புறங்கையின் பெரும்பகுதியும் வெந்திருந்தது; 2 என்பது சரியான கணக்கு. அந்த எண்ணை மட்டும் பார்த்து ‘சாதாரணம்’ என்று முடித்ததில்தான் பிள்ளையின் விரல் போனது.

நம் எல்லோருக்கும் பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது ஒன்பதின் கணக்கு. பெரியவருக்குத் தலை 9, ஒரு கை 9, நெஞ்சும் வயிறும் 18, முதுகு 18, ஒரு கால் 18. கைக்குழந்தைக்கு மட்டும் தலையே 18, கால் ஏறக்குறைய 14. எவ்வளவு டிரிப்ஸ் ஓட வேண்டும், உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கு வேண்டும். யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு அது பாதி விடைதான். எந்த இடம் வெந்தது, எதனால் வெந்தது, எவ்வளவு ஆழம், யாருடைய உடம்பு, எப்படி நடந்தது என்ற மற்றக் கேள்விகளைக் கேட்காமல் எண்ணோடு நிறுத்திவிடுகிறோம்.

உலகத்தில் எந்த எண்ணில் அனுப்புவது என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. பிரிட்டனில் பெரியவருக்கு 3 சதவீதம், குழந்தைக்கு 2 சதவீதம் என்றாலே தீக்காயப் பிரிவைக் கேட்கச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெரியவருக்கு 10, குழந்தைக்கு 5. அமெரிக்காவில் 10. ஆனால் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டுகள் என்று வரும்போது எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: எண் எவ்வளவாக இருந்தாலும் நிபுணரைக் கேள். கரன்ட், ரசாயனம், புகை குடித்தது, முழு ஆழத்துக்கு வெந்தது, கை காலைச் சுற்றி வளையம் போல வெந்தது, எல்லாம் அப்படித்தான்.

கையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அனுப்பினால் உடனே கத்தி வைத்து விடுவார்கள் என்ற பயம் நம்மிடமே இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கைக்கு அவசரப்பட்டு யாரும் தோல் ஒட்டுவதில்லை. அந்தக் கைக்குத் தேவைப்பட்டது விரல்களை விரித்து வைக்க ஒரு ஸ்பிளிண்ட் (தாங்கு பட்டை), கட்டை ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகப் போடத் தெரிந்த ஒரு ஆள், மூன்றாம் நாளிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட். ஐந்து விரலையும் ஒன்றாகப் பந்து போலச் சுற்றிக் கட்டினால் பக்கத்து விரல்கள் ஒட்டத்தானே செய்யும்? சிறிய நிலையங்களில் இதற்கெல்லாம் வழியில்லை, அது உங்கள் குற்றமும் இல்லை. வழி இருக்கிற இடத்துக்கு முதல் வாரத்திலேயே அனுப்பியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

தங்கைகளே, உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெந்த இடத்தை வலி தெரியாமல் எப்படி மடக்கி வைத்துக்கொள்கிறாரோ, அப்படியே தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்காதீர்கள். அக்குள் வெந்திருந்தால் கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூங்க விடாதீர்கள். அனுப்புவதற்கு முன் உங்களிடம் இருக்கும் இரண்டு மணி நேரத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

இனி நம்ம ஊர்த் தொழில்களுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் மனுஷர் வேகும் விதம் ஒன்றிரண்டல்ல.

சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் நைட்ரிக் அமிலம் புழங்குகிறது. அது பட்ட இடம் மஞ்சளாகும், முதல் நாள் பார்க்க லேசாகத்தான் இருக்கும். அமிலமோ காரமோ, தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுவதை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் செய்துவிட்டுப் பிறகு போனை எடுங்கள். அளவு சிறியது என்று விடாதீர்கள். சுண்ணாம்புத் தூள் என்றால் முதலில் உலர்ந்தபடியே தட்டித் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர். காரம் அமிலத்தை விட ஆழமாக இறங்கும். கண்ணில் பட்டிருந்தால் வண்டியில் போகும்போதும் கழுவிக்கொண்டே போக வேண்டும்.

ஓமலூர், காமலாபுரம் பக்கம் வெல்ல ஆலைகள். கொப்பரையில் இறக்கும் பதத்தில் பாகு 115 டிகிரிக்கு மேல் இருக்கும். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும். கொதிக்கும் எண்ணெயும் அந்த ரகம். ‘சூடான திரவம் பட்டது’ என்று மொத்தமாக எழுதாமல் எது பட்டது என்று எழுதினால், எடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு ஆழம் பாதி அங்கேயே புரிந்துவிடும்.

ஆடி மாதம் வந்தால் ஊரெங்கும் மாரியம்மன் கோயில்களில் பூமிதி. நேர்த்திக்கடன் செய்தவர்கள் அடுத்த நாள் காலைக் கொப்புளத்தோடு வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஆறிவிடும். ஆனால் பல வருடச் சர்க்கரைக்காரர் வந்து “எனக்கு எரியவே இல்லைங்க, அம்மன் காப்பாத்திட்டா” என்றால் அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் எரியவில்லையா, ஆழமாக வெந்து நரம்பு போனதால் எரியவில்லையா என்று குண்டூசி முனையால் தொட்டுப் பாருங்கள். சர்க்கரைக்காரரின் பாதத் தீக்காயத்தை எங்கள் வார்டில் ஒருபோதும் சின்னதாக எடுத்துக்கொண்டதில்லை.

கரன்ட் அடித்தவர்களைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டியிருக்கிறது. 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் இரும்புக் கம்பி உரசிக் கீழே விழுந்த ஒரு கட்டிட வேலைக்காரர், நடந்தே உள்ளே வந்தார். வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவு கருத்த புள்ளி, இடது குதிகாலில் இன்னொன்று. அனுப்பிய சீட்டில் 1 சதவீதம் என்று இருந்தது. முன்கை மரக்கட்டை போல இறுகியிருந்தது. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டதும் பையில் இறங்கிய சிறுநீர் கறுப்புக் காபி நிறம். உள்ளே புகுந்த கரன்ட் எலும்பை ஒட்டித் தசையை வேகவைத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் வெளியேறியிருக்கிறது. தசை அழிந்து வரும் அந்த நிறம்தான் சிறுநீரகத்தை அடைக்கிறது. அவர் பிழைத்தார், கை பிழைக்கவில்லை. அடிபட்டு எட்டு மணி நேரம் கழித்து வந்திருந்தார். நடுவில் எங்கேயோ அவரைப் படுக்கவைத்து ‘கவனிப்பில்’ வைத்திருந்திருக்கிறார்கள். 1,000 வோல்ட்டுக்கு மேல் என்றால் தோலில் தெரிவதை எண்ணவே வேண்டாம். ஈ.சி.ஜி. எடுத்து, ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப்ஸ் போட்டு, அனுப்புங்கள். வீட்டு 230 வோல்ட் அடித்து, மயக்கமும் இல்லை, ஈ.சி.ஜி.யும் சரி என்றால் நிதானமாகப் பார்க்கலாம். சேர்வராயன் மலையில் இடி மின்னல் தாக்கியவரும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி, காயமே தெரியாவிட்டாலும்.

குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டித் தூங்கும் வழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. மூடிய அறையில் தீப்பிடித்தவர் வந்தால், தோலைப் பார்க்குமுன் குரலைக் கேளுங்கள். கரகரப்பு, கருகிய மூக்கு முடி, சளியில் கரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தொண்டை வீங்க நேரம் ஆகாது. மேலே நாகலூரில் பேசிக்கொண்டு வண்டி ஏறியவர், இருபதாவது வளைவு இறங்குமுன் மூச்சுத் திணறலாம். மூச்சுக்குக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று தோன்றினால், அந்த முடிவை மலையிலேயே எடுங்கள், போடத் தெரிந்தவர் இருக்கும்போதே எடுங்கள். வண்டிக்குள் வளைவில் வைத்து எடுக்கிற முடிவு அல்ல அது.

இவ்வளவும் சொன்னதால் எல்லாரையும் அனுப்பிவிடுங்கள் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். வாழவந்தியிலிருந்தோ மாரமங்கலத்திலிருந்தோ ஒருவரைக் கீழே அனுப்புவது என்றால் ஒரு குடும்பத்தையே இறக்குகிறோம். கூலி போகிறது, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழி சுற்றி வர வேண்டும். முன்கையில் நாலு விரல் அகலத்துக்கு இட்லிக் கொப்பரை ஆவி பட்டு, ஈரமான இளஞ்சிவப்புக் கொப்புளம், தொட்டால் வலிக்கிறது, அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்கிறது என்றால் அது இரண்டு வாரத்தில் ஆறக்கூடியது. அதை ஏற்காட்டிலேயே, ஆத்தூரிலேயே, கருமந்துறையிலேயே பார்க்க முடியும், பார்க்க வேண்டும். சிவந்து மட்டும் இருக்கும் தோலைச் சதவீதத்தில் சேர்த்து 15ஐ 30 ஆக்கி அனுப்பியதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 30ஐ நம்பி வழியெல்லாம் டிரிப்ஸ் ஓட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வார்டில் ஒரு கட்டில் வீணாக நிறையும்போது, உண்மையில் தேவைப்பட்டவர் வராண்டாவில் பாயில் கிடக்கிறார்.

அனுப்பு, அனுப்பாதே என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் நாம் பயன்படுத்துவதே இல்லை: கேட்பது. அமெரிக்கத் தீக்காயக் கழகம் 2022இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, உடனே மாற்றும் எண்ணத்தோடு பேச வேண்டியவர், ஆலோசனை கேட்டால் போதுமானவர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. காயத்தை நல்ல வெளிச்சத்தில், கழுவிய பிறகு, ஒப்பிடப் பக்கத்தில் நோயாளியின் கையையே வைத்துப் படம் எடுத்து அனுப்ப இன்று எந்த நிலையத்தில் போன் இல்லை? நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முகம் தேவையில்லை என்றால் முகத்தை விட்டுவிடுங்கள். “இங்கேயே வைத்துக் கட்டுங்கள், மூன்றாம் நாள் மறுபடி படம் அனுப்புங்கள்” என்று அந்தப் பக்கம் சொன்னால் ஒரு குடும்பத்தின் பயணம் மிச்சம். “இன்றே அனுப்புங்கள்” என்றால் ஒரு கை மிச்சம்.

மூன்றாம் நாள் என்று சும்மா சொல்லவில்லை. முதல் நாள் ஆழம் ஏமாற்றும். அன்று மேலோட்டமாகத் தெரிந்தது இரண்டு மூன்று நாளில் வெளிறி ஆழமாகத் தெரிவது வழக்கம். அதனால் முதல் நாள் அனுப்பாமல் வைத்துக்கொண்டவரை நீங்களே மூன்றாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும், புதிதாகப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாதது எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மூன்று வாரம் தாண்டி ஆறும் தோல் தடித்து இழுக்கும் என்பது எங்களுக்கு அனுபவத்தில் பாடம். அந்தப் பிள்ளைக்கு 14ஆம் நாளாவது யாராவது நாட்காட்டியைப் பார்த்திருக்கலாம்.

அனுப்ப முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது தவறினால் பயணமே பாதகம். வெந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, ஏற்கெனவே செய்திருக்காவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். மலைத் தண்ணீர் தானே சில்லென்று இருக்கும், குழந்தையின் காயத்தைக் குளிரவைக்கும்போது மற்ற உடம்பைக் கம்பளியில் வையுங்கள். பரந்த காயம் என்றால் நேரத்தைக் குறையுங்கள். இட்லி மாவு, இங்க், பேஸ்ட், மஞ்சள் என்று வீட்டில் அப்பியிருப்பார்கள். திட்டாமல் கழுவிவிடுங்கள், பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்குவார்கள். கழுத்து வெந்திருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே கழற்றி வாங்கச் சொல்லுங்கள். வெள்ளைக் களிம்பைத் தயவுசெய்து பூசாதீர்கள். அந்தப் பூச்சுக்கு மேல் எங்களால் ஆழம் பார்க்க முடியாது, சுரண்டி எடுக்கும்போது நோயாளி கதறுவார். துவைத்த வெள்ளை வேட்டித் துணி போதும்.

சீட்டில் நான் முதலில் தேடுவது வெந்த நேரம். வந்த நேரம் எல்லாச் சீட்டிலும் இருக்கும்; வெந்த நேரம் இருக்காது. 50 கிலோ எடையுள்ளவர், 30 சதவீதம் என்று வையுங்கள். கிலோவுக்கு, சதவீதத்துக்கு 4 மில்லி என்ற பழைய கணக்கில் முதல் 24 மணி நேரத்துக்கு 6,000 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றியதிலிருந்து அல்ல, தீப்பட்டதிலிருந்து. காலை 6 மணிக்கு வெந்தவர் 10 மணிக்கு வந்தால் மீதி நாலு மணி நேரம்தான். இப்போது பல இடங்களில் 2 மில்லியில் தொடங்கி, மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது என்று பார்த்துக் கூட்டுகிறார்கள். எந்தக் கணக்கானாலும் வெந்த நேரம் தெரியாமல் ஓட்ட முடியாது. எவ்வளவு ஆர்.எல். போயிற்று, வலிக்கு என்ன கொடுத்தீர்கள், டி.டி. போட்டாயிற்றா, இவ்வளவும் இருந்தால் அது முழுச் சீட்டு.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவதையும் போலீசுக்குத் தகவல் சொல்வதையும் செய்யத்தான் வேண்டும். அதற்காக வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம். கல்யாணமான சில வருடத்தில் “ஸ்டவ் வெடிச்சிடுச்சு” என்று வரும் பெண், கணவன் வீட்டாரைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு எப்படி வாய் திறப்பாள்? கட்டுப் போடும் சாக்கில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகக் கேளுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். குழந்தையின் இரண்டு காலிலும் சாக்ஸ் போட்டது போல ஒரே கோட்டில் வெந்திருந்தால், கதை எதுவானாலும் அனுப்புங்கள். எப்படி நடந்தது என்று சந்தேகம் வருவதே அனுப்புவதற்குப் போதுமான காரணம்.

மாவட்டச் சுகாதார அதிகாரிகள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி உங்களிடமும் கேட்கிறேன். சாலை விபத்தில் அடிபட்டவரை முதல் 48 மணி நேரத்தில் எங்கே கொண்டுபோவது, யார் செலவு என்று 2021இல் இந்த மாநிலம் திட்டம் போட்டுக் காட்டியது. தீக்காயத்துக்கு அந்த முதல் மணி நேரம் இல்லையா? இந்தியாவில் வருடத்துக்குப் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மிதமாகவோ கடுமையாகவோ வேகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் கேட்பதற்குப் பெரிய நிதி வேண்டாம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு தீக்காயப் போன் எண், இரவும் பகலும் எடுத்துப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் கையில். எல்லா நிலையத்துக் கட்டு அறையிலும் தமிழில் ஒரு பக்கத் தாள்: உடம்புப் படம், இடம், காரணம், ஆழம், வயது, வெந்த நேரம் என்று கட்டம் போட்டது, அதையே கிழித்து ரெஃபரல் சீட்டாக அனுப்பலாம். அனுப்பியவருக்கு அந்த நோயாளி என்ன ஆனார் என்று ஒரு வரித் தகவல் திரும்பிப் போக வேண்டும். 2 சதவீதம் என்று எழுதியவருக்கு அந்த விரல்கள் என்ன ஆயின என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கையை அவர் அனுப்பியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு விரல்களைப் பிரித்துத் தோல் ஒட்டினார்கள். வளர வளர ஒட்டிய தோல் கூடவே வளராததால் இன்னொரு முறையும் செய்ய வேண்டியிருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இடது கையால் எழுதுகிறாள். தாளை வலது கையின் மூன்று விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.

அந்தத் தாளை எழுதி, கட்டம் போட்டு, ஒரு மாதிரி தயாரித்து வைத்திருக்கிறேன். எந்த நிலையம் கேட்டாலும் நேரில் வந்து செவிலியர்களோடு உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஏற்காடு என்றால் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.